குடை இலவசம்!

தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த உப்பு வியாபாரி ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு, அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர்கள். லாரி லோடு கணக்கு, பில், ஜி.எஸ்.டி. எல்லாமே அதில்தான். நான்கிலும் ஓடிக்கொண்டிருந்தது திருட்டு சாஃப்ட்வேர். ஒரு நாள் வைரஸ் புகுந்து இரண்டு வருடக் கணக்கைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி எனக்கு போன் செய்தார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசித் தலைமுறை அவர்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனை அனுப்பி வைத்தேன். டிப்ளமோ படித்தவன். கட்டற்ற மென்பொருள் என்றால் உயிரை விடுவான். மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து நான்கு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டான். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ், கணக்குக்கு மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று ஏற்றி, உப்பளத்துக் கணக்குக்கு ஏற்றபடி அதை மாற்றி, ஆபீஸ் பெண்கள் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்தான். அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். ஊருக்குப் போயிருந்தபோது என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தட்டு நிறைய மக்ரூன் வைத்தார். பையன் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினான். 18,000 ரூபாய்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இந்த சாப்ட்வேர நீ எவ்வளவு குடுத்து வாங்குன?”

“அது ஃப்ரீ அண்ணாச்சி. காசு கிடையாது.”

“சும்மா வந்ததுக்கா எங்கிட்ட துட்டு கேக்கே?”

பையன் என்னைப் பார்த்தான். நான் மக்ரூனைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவன் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. “அண்ணே, அவர் கேட்டதுல தப்பில்லைண்ணே. எனக்கே காசு கேக்கக் கூச்சமாத்தான் இருந்துச்சு. இது கொள்கைக்காகப் பண்றதுதானே?”

அண்ணாச்சியின் கணக்கும் தப்பு, பையனின் கூச்சமும் தப்பு. இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

* * *

முதலில் வார்த்தையைப் பிடிப்போம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. விலை இல்லாததும் ஃப்ரீ, விலங்கு இல்லாததும் ஃப்ரீ. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது வருடமாக ஊர் ஊராகப் போய், ‘நான் சொல்வது சுதந்திரத்தை, ஓசியை அல்ல’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். பாவம், அவருடைய மொழி அவருக்கு உதவவில்லை.

நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. விடுதலை வேறு, இலவசம் வேறு, சும்மா வேறு, ஓசி வேறு. ‘ஓசி’க்கு ஒரு சுவையான கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகப் போகிற கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம், அதற்குப் போட்ட கம்பெனி முத்திரையின் எழுத்துகள்தான் ‘ஓ.சி.’ ஆனதாம். மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஓசி என்பதே கம்பெனி கொடுத்ததுதான் என்று ஆகிறதல்லவா?

இத்தனை சொற்கள் கையில் இருந்தும் நாம் என்ன செய்தோம்? ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்று இங்கிலீஷிலேயே சொல்லி, அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துகொண்டோம்.

* * *

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. ஆனால், வரவு எங்கே, செலவு எங்கே என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடு இரண்டு ஆவணங்களைப் படித்துப் பார்த்தேன்.

முதலாவது, 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் என்ற 20 வயதுப் பையன் எழுதிய பகிரங்கக் கடிதம். தன் நிறுவனம் எழுதிய ‘பேசிக்’ மென்பொருளைக் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அதில் கொதிக்கிறார். உழைப்புக்குக் கூலி இல்லையென்றால் யார்தான் நல்ல மென்பொருள் எழுதுவார்கள் என்பது அவர் வாதம். நிஜமாகச் சொல்கிறேன், அதில் பாதி நியாயம்.

இரண்டாவது, 1985ல் ஸ்டால்மன் வெளியிட்ட ‘குனு’ அறிக்கை. மென்பொருளை வாங்குகிறவன் அதைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கவும் கூடாது என்று தடுப்பது அநியாயம் என்கிறது. இதிலும் பெரும் நியாயம் உண்டு. இரும்புப் பெட்டியை வாங்கிக்கொள், சாவி எங்களிடமே இருக்கும் என்றால் யார் ஒப்புக்கொள்வோம்?

ஆனால், இந்த அறிக்கையின் பலவீனமான இடம் எது தெரியுமா? ‘அப்படியானால் நிரல் எழுதுகிறவன் எதைச் சாப்பிடுவான்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற பகுதி. சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கலாம், பராமரித்துச் சம்பாதிக்கலாம், மென்பொருள் வரி என்று ஒன்று போடலாம், இப்போது கிடைக்கிற அளவுக்குக் கிடைக்காது, ஆனால் பட்டினி கிடக்க மாட்டார்கள்... இப்படி அடுக்கிக்கொண்டே போகிறார். விடுதலையைப் பற்றிப் பேசும்போது இருக்கிற உறுதி, கூலியைப் பற்றிப் பேசும்போது இல்லை.

இத்தனைக்கும் ஸ்டால்மன் பணத்துக்கு எதிரி அல்ல. தன்னுடைய ‘ஈமேக்ஸ்’ மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் ஆரம்பத்தில் சாப்பிட்டார். அவர் வகுத்த உரிமத்தில் விற்கக்கூடாது என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எடு, மாற்று, விற்றுக்கொள், ஆனால் உன்னிடம் வாங்குகிறவனுக்கும் இதே உரிமைகளை மூல நிரலோடு சேர்த்துக் கொடு. அவ்வளவுதான் நிபந்தனை. இதைப் படிக்காத பக்தர்கள்தான் காசு என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. 1976ல் திருடாதே என்று கடிதம் எழுதிய அதே கேட்ஸ், 1998ல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடுவது என்று ஆகிவிட்டால் எங்களுடையதைத் திருடட்டும் என்கிற பொருளில் சொன்னார். முதலில் பழகட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் 100 ரூபாய்க்கு சி.டி. வாங்கி விண்டோஸ் போட்டுக்கொண்டபோது, பெரிய கம்பெனியை ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். யார் யாரை ஏமாற்றியது என்று புரிய இருபது வருடம் ஆயிற்று.

* * *

இந்த வித்தையெல்லாம் தூத்துக்குடிக்காரனுக்குப் புதுசா என்ன?

1906 அக்டோபர் 16. ஓட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பி.காம்.காரனாக இந்த 25 ரூபாயைத்தான் நான் முதலில் கவனிப்பேன். 1,000 ரூபாய்ப் பங்காக வைத்திருந்தால் 1,000 பணக்காரர்கள் போதும். 25 ரூபாய் என்றால், சின்ன வியாபாரியும் கப்பலில் ஒரு பலகைக்குச் சொந்தக்காரன். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வ.உ.சி. ஆரம்பித்தது தர்ம ஸ்தாபனம் அல்ல. கம்பெனி! பங்கு, பத்திரம், டிக்கெட், சரக்குக் கட்டணம் எல்லாம் உண்டு. நாட்டு விடுதலைதான் நோக்கம், ஆனால் நிலக்கரிக்குக் காசு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பாய்க்குப் போய், திலகரின் ஆதரவோடு பணம் திரட்டி, ‘காலியா’ என்ற கப்பலை வாங்கி வந்தார். ‘லாவோ’ என்ற இன்னொரு கப்பலும் வந்து சேர்ந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல்கள் ஓடின.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய் என்றது. சுதேசி அரை ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி, ‘டிக்கெட்டே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு குடையும் இலவசம்’ என்றதாக வ.உ.சி. வரலாற்றில் சொல்வார்கள்.

அந்தக் குடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யார் பணத்தில் வந்த குடை அது? வேறு பல கடல் வழிகளில் பலமாகச் சம்பாதித்த கம்பெனி, இந்த ஒரு வழியில் நஷ்டப்படத் தயாராக இருந்தது. போட்டிக்காரன் ஒழிந்த மறுநாள் குடையும் போகும், பழைய கட்டணமும் திரும்பும். பெரியவன் கையில் இலவசம் என்பது தானம் அல்ல, ஆயுதம்.

90 வருடம் கழித்து, இதே நாடகம் அமெரிக்காவில் நடந்தது. இன்டர்நெட் பார்க்க நெட்ஸ்கேப் என்ற மென்பொருள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகவே கொடுத்தது. நெட்ஸ்கேப் ஆட்டம் கண்டது. அதே குடை, கைப்பிடி மட்டும் வேறு!

* * *

இரண்டு கதைகளும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு முக்கியம்.

1908 மார்ச் 12ல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்து, அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில். அதற்குள் கட்டணப் போட்டியும், தலைவன் இல்லாத கம்பெனியின் தள்ளாட்டமும் சேர்ந்து 1911ல் சுதேசிக் கம்பெனியை மூட வைத்தன. கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. செக்கிழுத்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன?

ஏன் போனது? சட்டம் அப்படி. கம்பெனி திவாலானால் சொத்தை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். அதிக விலை கேட்கிறவனுக்குச் சொத்து. அவன் எதிரியா நண்பனா என்று ஏலக்காரன் பார்ப்பதில்லை. இருபத்தைந்து ரூபாய் போட்டவனின் தேசபக்திக்கு ஐந்தொகையில் பத்தியே கிடையாது.

நெட்ஸ்கேப் மூழ்கும்போது என்ன நடந்தது? 1998 மார்ச்சில் தங்கள் மென்பொருளின் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். கம்பெனி கைமாறியது, கரைந்தும் போனது. ஆனால் அந்தத் திறந்த நிரலிலிருந்து மொசில்லா வந்தது. 2004 நவம்பரில் ‘ஃபயர்ஃபாக்ஸ்’ வந்து, எக்ஸ்ப்ளோரரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதாவது, கப்பல் மூழ்கினாலும் கப்பல் கட்டும் வரைபடம் ஊர் கையில் இருந்தது. அதை எந்த ஏலத்திலும் எதிரி தூக்கிக்கொண்டு போக முடியாது.

கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் நிஜமான மகிமை இதுதான். விலை இல்லை என்பது அல்ல. கம்பெனி செத்தாலும் விடுதலை சாகாது என்பதுதான். வ.உ.சி. என்ற வக்கீல் கையில் இருந்தது கம்பெனிச் சட்டம் மட்டுமே. ஸ்டால்மன் காப்புரிமைச் சட்டத்தையே திருப்பிப் பிடித்தார். பூட்டுப் போடுவதற்கென்று இருந்த சட்டத்தை, இனி யாரும் பூட்டக்கூடாது என்பதற்குப் பயன்படுத்தினார்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. இதே மாவட்டத்து எட்டயபுரத்துக்காரர் பாரதி. அவர் பாடல்களின் உரிமை பல கைகள் மாறி, ஒரு கட்டத்தில் சினிமாவில் பாட யாருக்கு உரிமை என்று வழக்கு வரைக்கும் போனது. பாரதி பொதுச்சொத்து என்று தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சியே எழுந்தது. ஏவி.மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949ல் ஓமந்தூரார் அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. பிறகு மக்களுக்கே கொடுத்தது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி ஊருக்குப் பொதுவாக்கியதை, ஸ்டால்மன் இயக்கம் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட்டோம்!

இதில் மறக்கக்கூடாத வரி ஒன்று இருக்கிறது. பாரதி குடும்பத்துக்கு அரசு அதற்காக ஒரு தொகையைக் கொடுத்தது. ‘பொதுச்சொத்துதானே, உங்களுக்கு எதற்குப் பணம்?’ என்று செல்லம்மாளைக் கேட்கவில்லை. பின்னால் வந்த நாட்டுடைமைகளிலும் எழுத்தாளரின் வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுப்பது வழக்கமாயிற்று. விடுதலைக்கும் விலை உண்டு, அதை ஊர் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த தர்மம்தான்.

* * *

இப்போது முத்துக்கு வருவோம். தூத்துக்குடி என்று சொல்லிவிட்டு முத்தைத் தொடாமல் போனால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள்.

கடலுக்கடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். அவை அரசுக்குச் சொந்தம். பிரிட்டிஷ் காலத்து முத்துக் குளிப்பில், மூச்சடக்கி மூழ்கி எடுத்து வந்த சிப்பியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, சர்க்காருக்கு இரண்டு பங்கு. அநியாயம் என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

2014ல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அலறியது. ஓட்டை இருந்தது ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற கட்டற்ற மென்பொருளில். வங்கி, கடை என்று இன்டர்நெட்டில் ரகசியம் காக்க வேண்டிய தளங்களில் பெரும் பகுதி அதை நம்பித்தான் இருந்தன. அதற்கு அதுவரை வந்துகொண்டிருந்த நன்கொடை எவ்வளவு தெரியுமா? வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரம் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

2024 மார்ச்சில் இன்னொன்று. ‘எக்ஸ்.இசட்.’ என்ற சின்ன மென்பொருள். லினக்ஸ் உலகமெங்கும் இருப்பது. சம்பளமில்லாமல் அதைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்த மனிதர் களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வருகிறேன் என்று ஒருவர் வந்தார், இரண்டு மூன்று வருடம் நல்ல பிள்ளையாக வேலை செய்தார், கடைசியில் ரகசியக் கள்ளக் கதவு ஒன்றைச் செருகினார். தற்செயலாக ஒரு பொறியாளர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

முத்துக் குளித்தவனுக்கு மூன்றில் ஒன்றாவது கிடைத்தது. இவர்களுக்கு? கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெரிய கம்பெனிகள், இவர்கள் எடுத்துப் போட்ட சிப்பியைத் திறந்து கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. தப்பு என்று சொல்லமாட்டேன். உரிமம் அனுமதிக்கிறது. லினக்ஸை வைத்துத் தொழில் செய்த ரெட் ஹாட் கம்பெனியை ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கி 2019ல் சேர்த்துக்கொண்டது. ரெட் ஹாட் விற்றது மென்பொருளை அல்ல, பொறுப்பை. ‘ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எங்களைக் கூப்பிடு’ என்ற உத்தரவாதத்தை. ஆக, இந்தத் தொழிலில் பணம் இல்லாமல் இல்லை. அது மூழ்குகிறவன் வரைக்கும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

முத்துக்கும் நிரலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பார் காலியாகும். எல்லோரும் அள்ளினால் நாளைக்குச் சிப்பி இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் இயற்கை முத்துக் குளிப்பு 1961க்குப் பிறகு கிடையாது. நிரலை ஆயிரம் பேர் எடுத்தாலும் அள்ள அள்ளக் குறையாது. அதனால்தான் ‘சும்மா’ என்று ஏமாந்துவிடுகிறோம். நிரல் குறையாது. குளிப்பவனின் மூச்சு குறையும்.

* * *

சரி, இதில் அரசியல் எங்கே வருகிறது? எல்லா இடத்திலும்!

கட்டற்ற மென்பொருள் என்பது பொதுவுடைமையின் கம்ப்யூட்டர் வடிவம் என்று இடதுசாரி நண்பர்கள் கொடி பிடிக்கிறார்கள். இது சுதேசி, அந்நியக் கம்பெனிக்கு அடிமையாகாமல் இருப்பது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். 2015ல் மத்திய அரசே தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டது. அமெரிக்காவில் ‘திறந்த மூலம்’ என்ற பெயரைப் பரப்பிய எரிக் ரேமண்ட், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்காக வாதாடுகிற தீவிரச் சந்தைவாதி. அவருக்கு இது சுதந்திரச் சந்தையின் வெற்றி. 2001ல் மைக்ரோசாஃப்ட் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மருக்கு லினக்ஸ் ஒரு புற்றுநோய். அதே மைக்ரோசாஃப்ட் 2018ல், உலகின் திறந்த நிரல்களில் பெரும்பகுதி குடியிருக்கிற கிட்ஹப்பை 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது!

இத்தனை நிறம் பூசினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். சம்பளம் யார் கொடுத்தார்கள்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2000களில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இடது முன்னணி வந்தது, காங்கிரஸ் கூட்டணி வந்தது, மறுபடி இடது வந்தது. திட்டம் நின்றது. இன்று ‘கைட்’ என்ற அரசு நிறுவனமே அதற்கு இருக்கிறது. கொள்கை பலத்தால் மட்டுமா? இல்லை. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க, பள்ளிக்கு ஏற்ற மென்பொருளைத் தயாரிக்க, சம்பளத்தோடு ஆள் போட்டார்கள். சித்தாந்தத்துக்கு பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்கினார்கள்.

இங்கே? உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் தலைமையில் இருந்த 2006-07 வாக்கில் லினக்ஸ் பக்கம் நல்ல வேகம் இருந்தது. அது ஓர் அதிகாரியின் ஆர்வமாகவே நின்றுபோனது. 2011ல் ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. இலவசம் என்று நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பெண்களுக்கு அது உலகத்தின் கதவு. ஆனால், என் உறவில் லேப்டாப் வாங்கிய ஐந்து பிள்ளைகளிடம் கேட்டேன். பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. சொல்லித்தர ஆள் இல்லை. இலவசத்தைக் கொடுத்துவிட்டோம், விடுதலையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.

இயக்கத்து நண்பர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ‘கணியம்’ போன்ற முயற்சிகளில் 2012லிருந்து தமிழில் எளிமையாக எழுதிக் குவித்தவர்களை நான் மதிக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரி தூக்கத்தை விட்டு எழுதிய எழுத்து அது. ஆனால், தொண்டு மட்டுமே புனிதம், கூலி கேட்பது கறை என்கிற மனோபாவம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. அதன் விளைவு என்ன? வசதி உள்ளவன் மட்டுமே தொண்டு செய்ய முடியும். மாதக் கடைசியில் வாடகைக்குத் தவிக்கிற டிப்ளமோ பையன், இரண்டு வருடம் கொள்கை பேசிவிட்டு, பூட்டிய மென்பொருள் எழுதுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவான். அப்போது அவனைத் துரோகி என்பீர்களா?

கூலி யார் கையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஃபயர்ஃபாக்ஸைச் சொன்னேனே, இன்று அதை நடத்துகிற மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது. குரோம் வைத்திருக்கிற அதே கூகுள்! போட்டிக் கம்பெனியே நிலக்கரி வாங்கித் தருகிற சுதேசிக் கப்பல் அது. மிதக்கிறது, வாஸ்தவம். எந்தத் திசையில் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா? பயன்படுத்துகிற நாம் ஆளுக்கு 25 ரூபாய்ப் பங்கு எடுக்கவில்லை என்றால், பங்கு எடுக்க வேறு யாராவது வரத்தான் செய்வார்கள்.

நம்பிக்கையான செய்தியும் உண்டு. பெங்களூரின் ஜெரோதா 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கென்று வருடத்துக்கு 10 லட்சம் டாலர் நிதி அறிவித்தது. எங்கள் தொழிலே உங்கள் முதுகில்தான் ஓடுகிறது என்று ஒரு லாபக் கம்பெனி ஒப்புக்கொண்டது. கடனை ஒப்புக்கொள்வதுதான் கணக்கியலின் முதல் பாடம்.

* * *

1961ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் வந்தது. சிவாஜியின் நடிப்பை ஊரே புகழ்ந்தது. வசூலில் தோற்றது. கை தட்டுவோம், டிக்கெட் வாங்க மாட்டோம். வ.உ.சி.க்கு உயிரோடு இருந்தபோது செய்ததைத்தான் படத்துக்கும் செய்தோம். இன்று துறைமுகத்துக்கு அவர் பெயர். விடுதலையாகி வந்த நாட்களில் அரிசிக் கடையும் நெய்க் கடையும் வைத்துப் பிழைக்கப் பார்த்த மனிதருக்கு!

மறுநாள் காலை தனியாக அண்ணாச்சியிடம் போனேன். குடைக் கதையைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். “அண்ணாச்சி, கடல் தண்ணி சும்மாதானே வருது? உப்புக்கு எதுக்குத் துட்டு வாங்குதீக?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாத்தி கட்டுத கூலி, வாருத கூலி, வெயில்ல நிக்க கூலி இல்லையா?” என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பையனுக்கு 18,000 போனது. மாதாமாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக்கு என்றும் பேசி முடித்தோம். அவன் என்னிடம், “அண்ணே, காசு வாங்கிட்டேன்னு எங்க குரூப்புல சொல்ல ஒரு மாதிரி இருக்கு” என்றான். “முதலில் அதைச் சொல்” என்றேன்.

முத்துக் குளிக்கிற கடற்கரையில் ஒரு வழக்கு சொல்வார்கள். மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டுமாம். தன் தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று. கீழே மூழ்கியிருக்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். உங்கள் போனில், வங்கியில், நீங்கள் ரயில் டிக்கெட் எடுக்கிற கம்ப்யூட்டரில் அவர்கள் எடுத்து வந்த முத்து இருக்கிறது.

கயிறு நம் கையில்தான் இருக்கிறது. குடை வாங்குகிற அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.